குழாய் பாண்டிச்சேரியில், மேடை தமிழ்நாட்டில்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. சாலையை அகலப்படுத்துகிற இயந்திரம், அதன் வாயில் மண்ணோடு பெயர்த்தெடுத்த ஒரு பழைய கல். ‘நம்ம ஊர் எல்லைக் கல் போச்சு’ என்று எழுதி, கீழே ஆறு அழுகிற முகங்கள். நான் அழவில்லை. சின்ன வயதில் ஓடி வந்து அந்தக் கல்லில் மோதிக் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டவள் நான். ஆனால் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரே ஒரு கோடையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனில் தட்டத் தட்ட வேறு எழுத்து வந்து விழுகிறது. அதனால் தாளை எடுத்து எழுதியே விட்டேன். உங்களுக்கும் அறுபது தாண்டிவிட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படியுங்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரும்பையைத் தாண்டிச் செம்மண் பாதையில் போனால் வருகிற ஊர். நடுவே ஒரே நீளத் தெரு. தெருவும் அதன் வடக்கு வரிசை வீடுகளும் தமிழ்நாடு. தெற்கு வரிசை பாண்டிச்சேரி. தெற்கு வீட்டுக்காரர் தன் வாசற்படியில் நிற்கிறவரை ஓர் அரசாங்கத்தின் பிரஜை. படியிறங்கிக் காலை வைத்தால் அடுத்த அரசாங்கம். அந்த வீட்டுக் கோழி பாண்டிச்சேரியில் முட்டையிட்டுத் தமிழ்நாட்டில் மேய்ந்தது. இரண்டு தபால்காரர்கள், இரண்டு ரேஷன் கடைகள், இரண்டு விதமான லீவு நாட்கள். ஒரே தெருவில் ஒருவனுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, எதிர்வீட்டுக்காரன் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தெற்கே பிரெஞ்சுக்காரனும் வடக்கே இங்கிலீஷ்காரனும் ஆண்ட காலத்தில் தெருவிலேயே சுங்கக்காரர் நிற்பாராம். எதிர்வீட்டுக்குக் கல்யாணச் சீர் கொண்டுபோனவர்களை நிறுத்தி, தாம்பாளத்தை இறக்கச் சொல்லிப் புடவையை எண்ணினாராம். அடுத்த கல்யாணத்தில் பெண் வீட்டார் புடவைகளை எல்லாம் பெண்கள் உடம்பிலேயே சுற்றி அனுப்பினார்கள். சுங்கக்காரர், ‘இந்த ஊரில் பொம்பளைங்க எல்லாம் குண்டு’ என்று மேலதிகாரியிடம் சொன்னதாகக் கதை. கதை உண்மையோ பொய்யோ, ஊரின் குணம் அதுதான். நம் ஆட்கள் சட்டத்தோடு மோத மாட்டார்கள். அதன் ஓரத்தில் தாங்கள் உட்கார இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தெற்கே வைத்து, பெஞ்சை வடக்கே போட்டிருந்தார். எந்த ஊர் அதிகாரி வந்தாலும் கடை பாதிதான் அவருடையது. இத்தனை சாமர்த்தியமான ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விழுப்புரம், திண்டிவனம், சென்னை என்று முப்பது வருஷம் வாத்தியார் வேலையில் சுற்றிய பிறகும் இதைச் சொல்கிறேன்.

வடக்கே ஊராட்சித் தலைவரை எல்லோரும் பிரசிடெண்டு என்பார்கள். தெற்கே இருந்தவர் மேர். கொம்யூன் என்கிற தங்கள் உள்ளாட்சிக்குத் தலைவராக இருப்பவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர் அது. இருவரும் காணி உள்ளவர்கள். மேரின் தங்கையைத்தான் பிரசிடெண்டு கட்டியிருந்தார். அந்த அம்மா தெருவைக் குறுக்கே கடந்து புகுந்த வீடு வந்தவர். நூறடி தூரம்தான், ஆனால் மாநிலம் மாறிவிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் விசேஷங்களில் ஒரே இலைப் பந்தியில் உட்காருவார்கள், அதிகாரம் என்று வந்தால் ஓர் அங்குலம் விட மாட்டார்கள்.

தெருவின் மேற்குக் கோடியில்தான் அந்த எல்லைக் கல். கல்லைத் தாண்டி வடக்கே திரும்பினால் எங்கள் காலனி. முப்பது வீடு. முதல் வீடு எங்களுடையது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஊர், பாதிப் பேர் காலனி. வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், சாயங்காலம் மணி அடித்ததும் அவரவர் பக்கம் திரும்பி நடந்தோம். அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இந்த வயதிலும் பேசாவிட்டால் எப்போது பேசுவது?

அது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. மல்லாட்டை என்று நாம் சொல்கிற வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் பொக்குதான் வந்தது. மாசியிலேயே காலனிக் கிணறு வற்றி, அடியில் தவளை உட்கார்ந்திருந்தது. அப்புறம் எங்களுக்கு இருந்த ஒரே வழி பிரசிடெண்டு வீட்டுக் கழனிக் கிணறு. அதில் நாங்கள் இறைக்கக் கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்; அந்த வீட்டு ஆள் யாராவது வந்து இறைத்து ஊற்றுவார்கள். அந்தக் கோடையில் பிரசிடெண்டு வீட்டம்மாவே வந்து ஊற்றினார். நல்ல மனுஷி. மற்றவர்கள் முக்கால் குடத்தோடு நிறுத்துகிற இடத்தில் அவர் கழுத்து வரை ஊற்றுவார்.

ஒருநாள் வெயிலில் நின்று நின்று கால் கொப்பளித்து வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் கேட்டேன். “அந்தம்மா நல்லவங்கதானம்மா?”

“நல்லவங்கதான்டி,” என்றாள் அம்மா. “ஆனா அவங்க துன்னுட்டு, கை கழுவிக்கினு, எப்ப வருவாங்கன்னு நாம நின்னுக்கினே இருக்கணும் இல்ல?”

அம்மா வாழ்க்கையில் எதைப் பற்றியும் அதிகம் குறைப்பட்டவள் இல்லை. கேப்பைக் கூழ் புளித்துப் போனாலும் ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிடுவாள். ஆனால் இன்னொருத்தி கைக்காகக் காத்து நிற்பது மட்டும் அவளுக்குப் பொறுக்கவே இல்லை. தன் குடத்துக்குத் தானே தண்ணீர் பிடிக்க வேண்டும், அந்தக் கோடையில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் தெற்கே மேர் பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்தார். ஆழமாகப் போர் போட்டு, உயரமாகத் தண்ணீர்த் தொட்டி கட்டி, தெற்குத் தெருக்களில் குழாய் போட்டார். காலை ஆறிலிருந்து ஏழு வரை தண்ணீர். வடக்கே கிணறுகள் எல்லாம் சேறாகிக்கொண்டிருந்தன. மூன்று நாள் மானத்தைப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் பிரசிடெண்டு டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். மேர் அடுப்புப் பக்கம், இவர் பெஞ்சுப் பக்கம்.

“மச்சான், ஒரே ஒரு கொழா எங்க பக்கம் போட்டுக் குடு.”

“எங்க ஊரு பைப்பு உங்க மண்ணுல ஓர் அடி வெக்கக் கூடாது மாப்ளே. வெச்சா என் வேலை போயிடும்.”

“உன் தங்கச்சி தண்ணி இல்லாம கஷ்டப்படுது.”

“அவளை வந்து எங்க ஊட்டுல எடுத்துக்கினு போகச் சொல்லு. ஊருக்கே குடுன்னா எப்பிடி?”

தெற்குத் தெருக் குழாய்களில் அவர்களுக்குள்ளேயே குடுமிபிடி. வடக்குப் பெண்கள் அங்கே குடத்தோடு போனால் மண்டை உடையும். ஒரு வாரம் டீக்கடையில் இதே பேச்சு. கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த குழாய் ஃபிட்டர்தான் டீயை உறிஞ்சிக்கொண்டே வழி சொன்னார். குழாய்க் கம்பம் பாண்டிச்சேரி மண்ணில் நிற்கட்டும், வாயை மட்டும் வடக்கே திருப்பி வைத்துவிடலாம். தண்ணீர் விழுகிற இடத்தில் சிமெண்ட் மேடையைத் தமிழ்நாடு கட்டிக்கொள்ளட்டும்.

“வாய் எல்லையைத் தாண்டுமே?” என்று பிரசிடெண்டுக்குச் சந்தேகம்.

“காத்துலதானேங்க நிக்குது,” என்றார் ஃபிட்டர். “காத்துக்கு ஏதுங்க சர்வே நம்பர்?”

அந்த வார்த்தையை ஊரே ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இனி கம்பத்தை எங்கே நடுவது என்ற கேள்வி. தெற்கு வரிசை முழுக்க வீடுகள், எல்லைக்கோடு அவர்கள் வாசற்படியை ஒட்டியே போகிறது. பாண்டிச்சேரி அரசாங்கத்துக்குச் சொந்தமான புறம்போக்கு எல்லையைத் தொடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், மேற்குக் கோடியில் கல்லின் பக்கத்தில். அங்கே கயிறு பிடித்தார்கள். அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். மேரின் ஆள் ஒரு முளை அடிப்பான், பிரசிடெண்டின் ஆள் அதைப் பிடுங்கி அரை விரற்கடை தள்ளி அடிப்பான். திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு மனு. கடலூரில் இருந்த கலெக்டருக்கு மனு. அப்போது நமக்குக் கலெக்டர் கடலூரில்தான், அவரைப் பார்க்கவே பாண்டிச்சேரிக்குள் புகுந்துதான் போக வேண்டும். எல்லையில் இதைத் தவிர வேறு இடமே கிடையாது என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெருமுக்கல் பக்கமிருந்து ஜல்லி வந்தது. மேடை எழும்பியது. இரண்டு அரசாங்கங்களை ஒரே குழாயில் கட்டிப்போட்ட அந்த இரண்டு பேரையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எத்தனை நடை, எத்தனை கும்பிடு!

ஆனால் இத்தனை அளவிலும் ஒருத்தருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. அந்த இடம் எங்கள் காலனியின் வாசல். குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு எட்டே தப்படி. பாண்டிச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே போகிற எல்லையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஊருக்கும் காலனிக்கும் நடுவே போகிற எல்லையை மறந்துபோனார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் மறக்காத ஒன்று அது!

திறப்பு நாள் காலையில் மாலை, மைக்செட், சுண்டல். மேர் குழாயைத் திருகினார். தண்ணீர் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டில் விழுந்தது. ஒரே கைத்தட்டல். பிரசிடெண்டு வீட்டம்மா முதல் குடம் பிடித்தார். பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசை. அம்மா அலுமினியக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. முன்னால் இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், எங்கள் காலனியைப் பார்த்தார்கள். பிரசிடெண்டின் முகம், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர் முகம் போல ஆகிவிட்டது.

“இன்னாமே, நீ எங்க இங்க வந்த?”

“தண்ணிக்குங்க.”

“கழனிக் கெணத்துல ஊத்துவாங்க, அங்க போ.”

“கெணத்துல சேறுதாங்க கீது. கொழா எங்க வாசல்லயே நிக்குது. நாங்க வேற எங்கங்க போறது?”

அதற்குள் மணி ஏழாகித் தண்ணீர் நின்றுவிட்டது. வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தோம். அப்பா பிரசிடெண்டு கழனியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். “இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டா இன்னா பண்ணுவ?” என்று கத்தினார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் வெகு காலம் நினைத்திருந்தேன். ஐந்து வயிறு அவர் கூலியில் இருந்தது என்பது, நானே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

அன்று பத்து மணிக்கு டீக்கடையில் கூட்டம். காலனி ஆண்கள் தெருவில் தள்ளி நின்றார்கள். சின்னப் பிள்ளைகளை யாரும் விரட்டவில்லை, நான் பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

“கொழாயைப் பிடுங்கிக் கிழக்கால நடு மச்சான்,” என்றார் பிரசிடெண்டு.

“வேற எடமே இல்லன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப பிடுங்கினா இன்னா ஆவும்? உள்ளதும் பூடும்.”

“அப்பச் சரி. கொழா இருக்கட்டும். எங்க காலனி ஆளுங்க அதுல கை வெக்கக் கூடாதுன்னு நான் சொல்லிடறேன்.”

மேர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இரு மாப்ளே. கொழா நிக்கிறது எங்க கொம்யூன்ல. அதுல யாரு கை வெக்கலாம், யாரு வெக்கக் கூடாதுன்னு நீ எப்பிடிச் சொல்லுவ? நான் உயிரோட இருக்கசொல்ல என் மண்ணுல நீ உத்தரவு போடுவியா?”

பிரசிடெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “மேடை என்னுது. தமிழ்நாட்டு மேடை. அதுல அவங்க குடம் படக் கூடாது. இதையும் நீ கேப்பியா?”

“மேடை உன்னுது. அதை நான் கேக்கல.”

இதுதான் தீர்ப்பு. காலனி ஆட்கள் குழாயில் கை வைக்கலாம், ஏனென்றால் அது பாண்டிச்சேரி. மேடையில் குடம் வைக்கக் கூடாது, ஏனென்றால் அது தமிழ்நாடு. இப்படி ஒரு தீர்ப்பை நம் ஊரைத் தவிர எந்த ஊரில் சொல்ல முடியும்? மேர் எங்களுக்காக வாதாடினார் என்று காலனியே அவரைக் கொண்டாடியது. நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நிதானமாக யோசித்தால், அவர் எங்களை நினைக்கவே இல்லை என்று தெரிகிறது. தன் மண்ணில் மாப்பிள்ளை அதிகாரம் செய்வதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் சொன்ன வார்த்தையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தும் மாற்றவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். “எழுந்திருடி, ஜல்தி. குடம் மேடையில படக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? காத்துல புடிப்போம், வா.”

குடத்தின் அடியில் என் இரண்டு கைகள். கழுத்தில் அம்மாவின் இடது கை. வலது கையால் அவள் குழாயைத் திருகினாள். முதல் தண்ணீர் விழுந்ததும் அம்மா முகத்தில் வந்த சிரிப்பை என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளே திருகி, அவளே பிடித்த தண்ணீர். பாதிக் குடம் வரை எனக்கும் சிரிப்பு. அதற்கு மேல் உயிர் போனது. தோள்பட்டை இழுத்து, விரல் மரத்து, கை தானாக உதற ஆரம்பித்தது. “விட்டுடாதடி, விட்டுடாதடி,” என்று அம்மா முணுமுணுத்தாள். விடவில்லை. அடுத்த நாளிலிருந்து காலனிப் பெண்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்தார்கள்; ஒருத்தி பிடிக்க, ஒருத்தி தாங்க. எங்கள் கை பட்ட குழாயை ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். பஞ்ச காலத்தில் செம்புத் தண்ணீரும் தண்ணீர்தான். நாலாம் நாளிலிருந்து செம்பு வரவில்லை.

எனக்கு அப்போது முழுப் பரீட்சை. கை நடுக்கத்தில் எழுத்து கோழி கிளறியது மாதிரி வந்தது. “உன் கையில இன்னா பேயா புடிச்சிக்கினு கீது?” என்று வாத்தியார் விரல் முட்டியில் அடித்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களில் ஒருத்திக்குத் தெரியும், அவள் அம்மா குழாயடியில் எங்களுக்கு முன்னால் நின்றவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. பாவம், அவளுக்கும் பத்து வயசுதானே.

அந்தக் குழாயோடு எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் அதற்கப்புறமும் வெகு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. கோவில் தேர் எங்கள் சந்துப் பக்கம் திரும்பியதை நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். ஆனாலும் சொல்கிறேன், ஒரு நல்ல காரியத்தைத் தெரியாமல் செய்துவிட்டு, செய்தது தெரிந்த பிறகு அதை அழிக்க மனசு வராமல் விட்ட ஊர் அது. அந்த அளவுக்கு நம் ஊரை நான் மெச்சத்தான் செய்வேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ. அன்று தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. எங்களுக்குப் பின்னால் பிரசிடெண்டு வீட்டம்மா பித்தளைக் குடத்தோடு நின்றார். அரைக் குடமும் நிறையவில்லை, என் முழங்கைகள் மடங்கிக்கொண்டே போயின. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, குடத்தை மேடையில் வைத்தாள்.

சிமெண்டில் அலுமினியம் உட்கார்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் பிரசிடெண்டு வீட்டம்மாவைப் பார்த்தார்கள். புருஷன் போட்ட உத்தரவு, அந்த மேடையில் அதைக் காப்பாற்ற வேண்டியவர் அவர்தான். குடத்தை எட்டி உதைத்தாலும் கேட்க ஆளில்லை. அம்மா தலையைக் குனியாமல் நின்றாள். மறுநாள் அப்பாவுக்கு வேலை இருக்காது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பிரசிடெண்டு வீட்டம்மா குடத்தைப் பார்த்தார். தண்ணீர் ஓடுவதற்காக மேடையை வாட்டமாகப் பூசியிருந்ததால் குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் விளிம்பில் பட்டு வெளியே தெறித்துக்கொண்டிருந்தது.

“சாஞ்சிக்கினு கீது பாரு,” என்றார். “தண்ணி வீணாப் பூடும். நேரா வெய்யி.”

அம்மா குனிந்து குடத்தை நிமிர்த்தி வைத்தாள். அது நிரம்பி முடியும் வரை என் இரண்டு கைகளுக்கும் ஒரு வேலையும் இல்லை.